திருப்பெரும்புதூர் - ஒரகடம் பகுதி வீட்டுத் திறந்தவெளி விதிகள்

திருப்பெரும்புதூர் - ஒரகடம் பகுதி வீட்டுத் திறந்தவெளி விதிகள் என்பது, தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள இத்தொழில் வட்டாரத்தில் வீட்டு மனையின் முற்றம், பக்கவெளி, புழக்கடை, வேலி, மரம், மழைநீர் வடிகால் ஆகியவற்றை வீட்டு உரிமையாளர் எவ்வாறு வைத்திருக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் சட்டங்களையும் விதிகளையும் ஒருங்கே குறிக்கும். இப்பெயரில் தனிச் சட்டம் ஏதும் இல்லை. நகரமைப்பு, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம், நீர்நிலைப் பாதுகாப்பு, குடிமையியல் சட்டங்கள் ஆகியவற்றில் இவ்விதிகள் சிதறிக் கிடக்கின்றன. இவற்றுட் பெரும்பாலானவை தமிழ்நாடு முழுமைக்கும் பொதுவானவை.

ஐக்கிய அமெரிக்கா போன்ற நாடுகளில் இத்தகைய விதிகள் பெரிதும் புல்தரையின் உயரம், வீட்டு முகப்பின் தோற்றம் ஆகியவற்றைப் பற்றியவை. இப்பகுதியில் நடைமுறையில் உள்ள விதிகள் தோற்றத்தைப் பற்றி ஏறக்குறைய எதுவும் கூறுவதில்லை. மழைநீர் மண்ணில் இறங்குதல், வெள்ளம் வடிதல், காற்றோட்டம், கொசு ஒழிப்பு, அண்டை வீட்டாரின் பாதுகாப்பு ஆகியவையே இவற்றின் நோக்கங்கள் ஆகும்.

பின்னணி

திருப்பெரும்புதூர் வைணவ ஆசாரியரான இராமானுசர் பிறந்த ஊர். சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. ஒரகடம் இதற்குத் தெற்கே, சிங்கப்பெருமாள்கோயிலில் இருந்து திருப்பெரும்புதூர் செல்லும் சாலையும் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் சந்திக்கும் இடத்தில் உள்ளது. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்துத் தொழிற்சாலை தொடங்கப்பட்ட பின்னர், தமிழ்நாடு சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பூங்காக்கள் இப்பகுதியில் விரிவடைந்தன. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ - நிசான் தொழிற்சாலையும், 2012-இல் தைம்லர் சரக்குந்துத் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கின.

தொழிற்சாலைகளைத் தொடர்ந்து குடியிருப்பு மனைப்பிரிவுகள் பெருகின. இம்மனைகளிற் பல, முன்னர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டம் 'ஏரி மாவட்டம்' என அழைக்கப்பட்டது. ஓர் ஏரியின் உபரிநீர் அடுத்த ஏரிக்குச் செல்லும்படி அமைந்த ஏரித்தொடர்கள் இங்கு உள்ளன. திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் முதலிய ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சேர்கின்றது. மணிமங்கலம், ஆதனூர், ஒரத்தூர் பக்கத்து நீர் அடையாற்றுக்குச் செல்கின்றது. எனவே இப்பகுதியில் ஒரு மனையில் விழும் மழை நிலத்தில் இறங்காவிட்டால், அது அடுத்த மனைக்கும், பின்னர் ஏரிக்கும், இறுதியில் சென்னை மாநகருக்கும் செல்கின்றது.

2015 திசம்பர் 1 - 2 நாட்களில் செம்பரம்பாக்கத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 47 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர் ஆகும். ஆகவே ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி, ஏறத்தாழ 223 சதுர மீட்டர்) மனையில் மட்டும் அந்த ஒரு நாளில் ஒரு இலட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீர் விழுந்திருக்கும். அத்தகைய மழையை எந்த மனையும் முழுவதுமாக உள்வாங்க இயலாது. எனினும் வழக்கமான பருவமழையின் பெரும்பகுதியை, மண் திறந்துள்ள மனையால் உள்வாங்க முடியும்.

அதிகார அமைப்புகள்

வீட்டுத் திறந்தவெளி தொடர்பில் உரிமையாளர் சந்திக்கக்கூடிய அமைப்புகள் பின்வருமாறு:

* நகர் ஊரமைப்பு இயக்ககம் (டி.டி.சி.பி.), சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) - மனைப்பிரிவு ஒப்புதல், திட்ட அனுமதி. சென்னைப் பெருநகர்ப் பகுதியின் பரப்பு 2022 அக்டோபரில் 1,189 சதுர கிலோமீட்டரில் இருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டபோது இவ்வட்டாரமும் அதனுள் வந்தது.
* உள்ளாட்சி அமைப்பு (நகரப்பகுதி அல்லது ஊராட்சி) - கட்டட அனுமதி, வடிகால், குப்பை, பூங்கா நிலம், கொசு ஒழிப்பு.
* வருவாய்த் துறை - பட்டா, நில அளவை, நீர்நிலைப் புறம்போக்கு, ஆபத்தான மரம் குறித்த ஆணைகள்.
* நீர்வளத் துறை - ஏரி, வரத்துக் கால்வாய், உபரிநீர்க் கால்வாய்.
* வனத் துறை - சந்தனம் போன்ற குறிப்பிட்ட மரங்கள்.
* குடியிருப்போர் நலச் சங்கம் - இது அரசு அமைப்பு அன்று. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு செய்யப்படும் தன்னார்வ அமைப்பு. இதன் விதிகள் அதன் உறுப்பினரை மட்டுமே கட்டுப்படுத்தும்.

கட்டடத்தைச் சுற்றிய திறந்தவெளி

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 அடிப்படைச் சட்டம் ஆகும். மாநிலம் முழுவதற்கும் பொதுவான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 பெப்ரவரியில் வெளியிடப்பட்டன. வீட்டின் முன்புறம், இரு பக்கங்கள், பின்புறம் ஆகிய இடங்களில் விடவேண்டிய வெற்றிடத்தை இவை வரையறுக்கின்றன. பேச்சு வழக்கில் இது 'செட்பேக்' எனப்படுகின்றது. சாலையின் அகலம், கட்டடத்தின் உயரம், மனையின் அளவு ஆகியவற்றைப் பொறுத்து இவ்வெளியின் அளவு மாறும்.

இவ்வெளிக்கு மூன்று பயன்கள் உண்டு. முதலாவது, வெளிச்சமும் காற்றும். இரண்டாவது, தீ விபத்தின்போது அணுகுவதற்கான வழி. மூன்றாவது, மழைநீர் இறங்குவதற்கான மண். முதல் இரண்டுக்கும் இடம் வெற்றாக இருந்தாற் போதும். மூன்றாவதற்கு அது மண்ணாகவும் இருக்க வேண்டும். வரைபடத்தில் வெற்றிடமாகக் காட்டப்பட்ட பகுதி முழுவதையும் சிமெண்ட் தளமாக மாற்றும் வீட்டு உரிமையாளர் செட்பேக் அளவை மீறியவர் ஆகமாட்டார். ஆனால் அந்த விதியின் பயன்களில் ஒன்றை அவர் இழந்துவிடுகின்றார்.

சிறிய வீடுகளுக்குக் கட்டட நிறைவுச் சான்றிதழ் பெறுவதில் இருந்து விலக்கு உண்டு. மேலும், 2024 சூலை 22 முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீடுகளுக்குத் தற்சான்று முறையில் இணையவழியாக உடனடி அனுமதி வழங்கப்படுகின்றது. இம்முறையில், விதிகளின்படி வெற்றிடம் விடப்படும் என்பதற்கு உரிமையாளரே பொறுப்பேற்கின்றார். அனுமதிக்கு மாறான கட்டுமானத்தின் மீது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56, 57 ஆம் பிரிவுகளின் கீழ் நடவடிக்கை எடுக்க இயலும்.

வீட்டு வாயிலில் வாகனம் ஏறுவதற்கான சாய்தளம் மனைக்கு உள்ளேயே அமைய வேண்டும். தெருவின் மீதோ வடிகாலின் மீதோ நீட்டிக் கட்டப்படும் சாய்தளம், படிக்கட்டு, செடித்தொட்டி ஆகியவை ஆக்கிரமிப்பாகக் கருதப்பட்டு உள்ளாட்சி அமைப்பால் அகற்றப்படலாம்.

மழைநீர் சேகரிப்பு

தமிழ்நாட்டு வீட்டு மனைகளுக்கு உரிய விதிகளில் மிகவும் அறியப்பட்டது இதுவே. 2003 சூலையில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம், பழையதும் புதியதுமான எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியது. அப்போது செ. ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தார். அமைப்பை ஏற்படுத்தத் தவறினால், உள்ளாட்சி அமைப்பே அதனை ஏற்படுத்திச் செலவைச் சொத்து வரியைப் போல் வசூலிக்கவும், குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் அச்சட்டம் வழி செய்தது. 2019-ஆம் ஆண்டு விதிகளிலும் இக்கட்டாயம் தொடர்கின்றது.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர். அதிற் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிடைக்கின்றது. 1,200 சதுர அடி மொட்டைமாடியில் ஓராண்டில் விழும் நீர் ஏறத்தாழ 1,30,000 லிட்டர் ஆகும்.

சென்னைப் பெருநகர வளர்ச்சி விதிகளில் விளக்கப்பட்ட அமைப்பு முறைகள் வருமாறு:

* தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீடுகளில், மொட்டைமாடி நீர் குழாய் வழியே கிணற்றிலோ நீர்த்தொட்டியிலோ விடப்படும். திறந்த தரையில் மேல்மண்ணின் ஒரு பகுதியை அகற்றி, நீர் மெல்ல இறங்கும்படி ஆற்று மணல் நிரப்பப்படும்.
* பெரிய குடியிருப்புகளில், கட்டடத்தின் அடித்தள ஓரமாக 2 முதல் 3 மீட்டர் இடைவெளியில், 30 சென்டிமீட்டர் விட்டமும் 3 மீட்டர் ஆழமும் கொண்ட கசிவுநீர்க் குழிகள் தோண்டப்படும். 2.85 மீட்டர் வரை உடைந்த செங்கல் அல்லது கூழாங்கல்லும், மேலே 15 சென்டிமீட்டர் மணலும் இடப்படும்.
* நுழைவாயிலின் குறுக்கே 7.5 சென்டிமீட்டர் உயரமுள்ள சிறு தடுப்பு கட்டப்படும். மனையில் விழும் நீர் தெருவுக்கு ஓடாமல் இது தடுக்கின்றது.

மேல் மணலில் வண்டலும் இலைச்சருகும் படிந்தால் குழி நீரை உறிஞ்சாது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர், புரட்டாசி மாதத்திற்குள் மொட்டைமாடியைக் கழுவி, மேல் மணலை அலசியோ மாற்றியோ வைப்பது தேவையாகும். முதல் மழையின் அழுக்கு நீரைக் கிணற்றில் விடாமல் வெளியேற்றுவது நல்லது. கழிவுநீர்த் தொட்டிக்கு அருகில் கசிவுநீர்க் குழி அமைத்தல் கூடாது.

மனையை மண்ணிட்டு உயர்த்துதல்

வெள்ளத்திற்கு அஞ்சி மனையைக் கிராவல் மண்ணிட்டுத் தெருவை விட உயர்த்துவது இப்பகுதியில் பரவலாகக் காணப்படும் வழக்கம். தெருச்சாலை மீண்டும் மீண்டும் உயர்த்திப் போடப்படுவதும் இதற்கு ஒரு காரணம். இதனால் தாழ்ந்த பழைய வீடுகளில் நீர் தேங்குகின்றது.

இந்திய வசதியுரிமைகள் சட்டம், 1882-இன் 7-ஆம் பிரிவு இவ்விடத்தில் கருதத்தக்கது. மேட்டு நிலத்தில் இயற்கையாக விழும் அல்லது ஊறும் நீர், வரையறுத்த வாய்க்கால் இன்றித் தாழ்ந்த நிலத்திற்கு இயல்பாக ஓடுவதை அத்தாழ்நிலத்தின் உரிமையாளர் அனுமதிக்க வேண்டும் என்பது அப்பிரிவின் விளக்கங்களுள் ஒன்று. ஆகவே தாழ்ந்திருந்த மனையை உயர்த்தி, மேலிருந்து வந்த நீரை முழுவதுமாக மறிப்பவர் மீது அண்டை வீட்டார் உரிமையியல் நீதிமன்றத்தை நாட முடியும். நடைமுறையில், மண் கொட்டுவதற்கு முன் மனையின் ஓரமாக நீர்வழி ஒன்றை விட்டுவைப்பது வழக்கைத் தவிர்க்கும் எளிய முறையாகும்.

ஏரி, வரத்துக் கால்வாய் ஆகியவற்றின் எல்லைக்குள் தோட்டமோ வேலியோ சுற்றுச்சுவரோ அமைப்பது, தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம், 2007-இன் கீழ் ஆக்கிரமிப்பு ஆகும். மனை வாங்கும் முன் கிராமப் புலப்படத்தைப் பார்த்துக் கால்வாய் எதுவும் மனையை ஒட்டிச் செல்கின்றதா என அறிவது நலம்.

மனைப்பிரிவின் பொதுத் திறந்தவெளி

பெரிய மனைப்பிரிவுகளில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காடு பூங்கா அல்லது விளையாட்டிடமாக ஒதுக்கப்பட்டு, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட வேண்டும். இது திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம் (ஓ.எஸ்.ஆர். நிலம்) எனப்படும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான பரப்புக்கு நிலத்திற்கு ஈடாகப் பணம் செலுத்த வாய்ப்பு உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால் நிலமே வழங்கப்பட வேண்டும். இவ்விதியின் செல்லுபடியை இந்திய உச்ச நீதிமன்றம் 2023 பெப்ரவரியில் உறுதி செய்தது.

பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தை வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்பதற்கு, பெங்களூரில் பூங்கா நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு வழங்கியதைச் செல்லாது என உச்ச நீதிமன்றம் 1991-இல் அளித்த தீர்ப்பு முன்னோடியாகக் காட்டப்படுகின்றது.

ஒப்புதல் பெறாத மனைப்பிரிவுகளில் இத்தகைய நிலம் பெரும்பாலும் விடப்படுவதில்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. இதன் பின்னர் 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் கொண்டுவரப்பட்டன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகள் இவற்றின் கீழ் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்தப்படலாம். எனினும் வரன்முறைப்படுத்தல் மனைக்கு ஒப்புதலைத் தருமே அன்றி, ஏற்கெனவே விற்றுத் தீர்ந்த இடத்தில் பூங்காவை உண்டாக்கித் தராது.

மரங்களும் செடிகளும்

சொந்த மனையில் வேம்பு, தென்னை, முருங்கை, மா, கறிவேப்பிலை, வாழை முதலியவற்றை வளர்க்க அனுமதி தேவையில்லை. சந்தன மரத்தைப் பட்டா நிலத்தில் வளர்க்கலாம். ஆனால் வெட்டுவதற்கும் விற்பதற்கும் வனத் துறையின் வழியே செல்ல வேண்டும். தெருவோர மரங்கள் உரிமையாளருக்கு உரியவை அல்ல. அரசு நிலத்து மரங்களை வெட்டுவதற்கு 2021-இல் ஏற்படுத்தப்பட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் இசைவு தேவை.

கோனோகார்ப்பஸ்: விரைவாக வளர்ந்து ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும் இம்மரம், அழகுக்காகவும் உயிர்வேலியாகவும் பல இடங்களில் நடப்பட்டது. இதன் வேர்கள் நிலத்தடிக் குழாய்களையும் வடிகால்களையும் சேதப்படுத்துதல், மகரந்தத்தால் ஒவ்வாமை ஏற்படுதல், மிகுந்த நீரை எடுத்துக்கொள்ளுதல் ஆகிய காரணங்களால் தமிழ்நாடு அரசு 2025 தொடக்கத்தில் இதனை நடுவதற்கும் விற்பதற்கும் தடை விதித்தது. குசராத்து மாநிலம் 2023-இல் இதனைத் தடை செய்திருந்தது.

சீமைக் கருவேலம்: காலி மனைகளில் தானாக முளைத்துப் புதராகப் பரவும் மரம் இது. இதனை அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016 - 2017-இல் ஆணைகள் பிறப்பித்தது. 2017-இல் அகற்றும் பணிக்கு இடைக்காலத் தடையும் விதிக்கப்பட்டது. அயல் ஊடுருவும் தாவரங்கள் குறித்த கொள்கையை மாநில அரசு 2022-இல் வெளியிட்டது.

அண்டை வீட்டு மரம்: எல்லை தாண்டி நீண்ட கிளைகளை, தம் நிலத்துக்கு மேல் வந்த அளவில், மரத்தின் உரிமையாளர் நிலத்துக்குள் நுழையாமல் வெட்டிக்கொள்ளலாம் என்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் இருந்து வந்த கோட்பாடு. வெட்டிய கிளையும் காயும் மரத்தின் உரிமையாளருக்கே உரியவை. ஆகவே முன்கூட்டிச் சொல்லிவிட்டு வெட்டுவதே முறை. விழுந்து மக்களுக்குக் காயம் விளைவிக்கக் கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ ஆணையிடுமாறு நிருவாக நடுவரிடம் முறையிடலாம். இது முன்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1973-இன் 133-ஆம் பிரிவில் இருந்தது. 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் உள்ளது.

துப்புரவும் பராமரிப்பும்

'முற்றப் பராமரிப்பு விதி' என்று சொல்லத்தக்கது உள்ளாட்சிச் சட்டங்களில் பழமையானது. தமிழ்நாடு மாவட்ட நகராட்சிகள் சட்டம், 1920-இலேயே தீங்கு தரும் செடிகொடிகளை அகற்றல், வேலிகளையும் மரங்களையும் கத்தரித்தல், ஆபத்தான மரங்களுக்கு முன்னெச்சரிக்கை செய்தல் ஆகியவற்றை உரிமையாளரிடம் கோரும் அதிகாரம் நகராட்சிகளுக்கு இருந்தது. அச்சட்டத்தின் இடத்தில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998, தன் விதிகளுடன் 2023 ஏப்ரல் 13 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளுக்குத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 பொருந்தும்.

முதலீட்டுக்காக வாங்கப்பட்டு, உரிமையாளர் வெளியூரில் இருக்கும் காலி மனைகளே இப்பகுதியில் இவ்வகையில் பெரும் சிக்கலாக உள்ளன. புதர் மண்டிய மனை பாம்புகளுக்கும் கொசுக்களுக்கும் இடமாவதுடன், குப்பை கொட்டும் இடமாகவும் மாறிவிடுகின்றது. வேலியிட்டு, ஆண்டுக்கு இருமுறை புதர் நீக்குவது உரிமையாளரின் கடமை.

தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939 கொசு உற்பத்தியாகும் நீர்த்தேக்கங்களை அகற்றுமாறு உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்ப வழி செய்கின்றது. டெங்கி நோயைப் பரப்பும் ஏடிசு கொசு, தேங்கிய நல்ல நீரில் ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் முட்டையில் இருந்து முழுக் கொசுவாக வளரும். பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பயன்படாத ஆட்டுக்கல், பூந்தொட்டியின் அடித்தட்டு, மூடியில்லாத தொட்டி ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் துடைப்பது போதுமானது. மழைநீர்க் குழியும் மூடப்பட்டிருக்க வேண்டும்.

இலைச்சருகு, வெட்டிய கிளை ஆகிய தோட்டக் கழிவுகளைத் தெருவிலோ வடிகாலிலோ கொட்டுவதும் எரிப்பதும் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் தடை செய்யப்பட்டன. அதே ஆண்டு திசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் தண்டம் விதிக்க ஆணையிட்டது. மனையின் மூலையில் குழி வெட்டிச் சருகை மக்கவைத்தால் உரமும் கிடைக்கும், மண்ணும் நீரைப் பிடித்துவைக்கும்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவின் பல நகரங்களில் புல் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் வளர்ந்தால் தண்டம் விதிக்கப்படுகின்றது. வீட்டு உரிமையாளர் சங்கங்கள் புல்தரையைக் கட்டாயமாக்குவதும் உண்டு. நீர்ப் பற்றாக்குறை காரணமாகச் சில மாநிலங்கள் இதனை மாற்றி வருகின்றன. புளோரிடாவில் 2009-இல் இயற்றப்பட்ட சட்டம், குறைந்த நீரில் வளரும் தோட்டத்தைச் சங்கங்கள் தடுக்கக் கூடாது என்கின்றது. இலங்கையில் 2007-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கக் கொசுப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வீட்டு வளவில் கொசு பெருக இடமளிப்பதைக் குற்றமாக்கியுள்ளது. சிங்கப்பூரிலும் வீட்டில் கொசுப்புழு காணப்பட்டால் தண்டம் உண்டு.

விதிகளின் போதாமை

இவ்விதிகளில் முதன்மையான இடைவெளி, கட்டிய பின்னான கண்காணிப்பு ஆகும். திறந்தவெளியின் அகலம் வரைபடத்தில் சரிபார்க்கப்படுகின்றது. அது பின்னர் மண்ணாக நீடிக்கின்றதா என்பது பெரும்பாலும் சரிபார்க்கப்படுவதில்லை. துவக்கத்தில் மண்ணாக இருந்த முற்றம் சில ஆண்டுகளில் பேவர் கற்களாகவும், பின்னர் சிமெண்ட் தளமாகவும், தகரக் கூரையிட்ட வாகன நிறுத்தமாகவும் மாறுவது வழக்கம். இம்மாற்றம் ஒவ்வொன்றும் சிறியது. ஆனால் ஒரு தெருவில் உள்ள எல்லா வீடுகளும் இவ்வாறு மாறும்போது, கோடையில் கிணறும் ஆழ்குழாயும் வற்றுவதும், ஐப்பசி மழையில் தெரு நீரில் மூழ்குவதும் ஒரே இடத்தில் நிகழ்கின்றன.

வாகனச் சக்கரங்கள் செல்லும் இரு பட்டைகளுக்கு மட்டும் தளமிட்டு இடையில் மண்ணை விடுதல், சிமெண்ட் பூச்சின்றி மணலில் கல் பதித்தல், சுற்றுச்சுவர் ஓரமாக மண்பாத்தி விடுதல் ஆகியவை விதிகளை மீறாமலும் வசதியைக் குறைக்காமலும் மண்ணைத் திறந்துவைக்கும் முறைகளாகும்.

இவற்றையும் பார்க்க

* மழைநீர் சேகரிப்பு
* செம்பரம்பாக்கம் ஏரி
* அடையாறு
* சீமைக் கருவேலம்
* டெங்கி